நீ மறைத்த இருமல்

என் ராசா கணேசா,

நீ போனபின் இந்தத் தாராவி வீட்டில் நான் வாய் திறப்பதே குறைந்துவிட்டது. வேலைவிட்டு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் காலை பால்காரர் வரும்வரை யாரிடமும் பேச்சில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

என் கிட்னியை உனக்குக் கொடுத்த அன்று விளையாட்டாகத்தான் சொன்னேன், "ஏலே, என் சாமானப் பத்திரமா வச்சுக்கோ" என்று. அதை இப்படியா எடுத்துக்கொள்வாய்? உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தின்றுகொண்டிருந்தாய். இருமல் வந்தபோது, வெளியே சொன்னால் அந்த மாத்திரைகளைக் குறைப்பார்கள், கிட்னி போய்விடும் என்று பயந்து மூன்று வாரம் மறைத்தாய். நீ வேலை பார்த்த தையல் பட்டறைக்குப் பின்னால் போய் இருமினாயாமே?

பக்கத்து கிளினிக்கில் டிபி என்று மருந்து ஆரம்பித்தார்கள். நம் பக்கம் இருமினால் வேறென்ன நினைப்பார்கள்? சளியில் டிபி கிருமி இல்லை, காய்ச்சலும் பெரிதாக இல்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சல்கூட ஒழுங்காகக் காட்டாது என்பது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஸ்கேனில் நுரையீரல் முழுக்க உருண்டை உருண்டையாக நிழல். மூக்கு வழியே குழாய் விட்டு, உள்ளே கழுவி எடுத்த நீரைச் சோதித்துத்தான் பூஞ்சை என்றார்கள்.

"பாவ் ரொட்டில பச்சையா பூக்குமே, அந்தப் பூசணமா அக்கா?" என்று கேட்டாய்.

"அது மாதிரிதாம்ல."

"கிட்னிக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "கிட்னி கெடக்கட்டும்லே, எனக்கு நீ வேணும்" என்றேன். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா நான்?

பூஞ்சைக்கான மருந்து ஏறத் தொடங்கிய ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய். கடைசிவரை கிட்னி நன்றாகத்தான் வேலை செய்ததாம்.

போன திங்கட்கிழமை, கிட்னி கொடுத்தவள் என்பதால் எனக்குச் செய்யும் செக்கப்புக்கு அதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சில் பக்கத்தில் லதா என்ற பெண், முலுண்டிலிருந்து வந்தவள், கிட்னி மாற்றியவள். துப்பட்டாவுக்குள் இருமினாள்.

"எத்தன நாளா இருக்கு?"

"பத்து நாள். சும்மா வறட்டு இருமல்தான் ஆன்ட்டி. டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். ஸ்கேனில் சின்னதாக ஒரு நிழல் தெரிகிறது. என்னவென்று இன்னும் தெரியாது.

நாளைக்கு அவளுக்கும் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். புருஷன் துபாயில், துணைக்கு ஆளில்லை. நான் போகிறேன், கணேசா. என்ன ஏது என்று தெரியும்வரை அவளைத் தனியாக விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பாக்கியம் அக்கா