‘ப’ வாரமும் வீரமணி வீட்டுப் புழுவும்

அன்பு மகள் வெண்மதிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த நியூசிலாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே அப்பா சுகம், முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது, தைலம் தேய்க்கச் சொன்னால் டிவியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறார். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரித்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுதாகப் படி.

நீ அங்கே உன் நர்சரியில் செய்கிற மாதிரி வாரத்துக்கு ஓர் எழுத்து என்று எனக்கும் திட்டம் போட்டு அனுப்பினாயே, அந்த எழுத்தில் பாட்டு, படம், அந்த எழுத்தில் தொடங்கும் பொருள் ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும் என்று. படிக்க நன்றாகத்தான் இருந்தது. மாரண்டஹள்ளி இங்கிலீஷ் நர்சரி வேன் நம் ஊருக்குள் வரத் தொடங்கியதிலிருந்து என் அங்கன்வாடிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருக்கிறார்கள், இப்படியே போனால் சென்டரைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவோம் என்று மேலதிகாரியம்மா வேறு சொல்லிவிட்டார், இதைச் செய்தாவது பிள்ளைகளைப் பிடித்து வைக்கலாம் என்று நானும் இறங்கினேன். உங்கள் ஊரில் பிள்ளைகள் பொம்மை கொண்டு வருமாம். இங்கே ‘க’ வாரத்தில் ஒருத்தி கறி வெட்டுகிற கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள், ஓடிப்போய்ப் பிடுங்கி வைத்தேன். ‘ப’ வாரம் தொடங்கிய அன்றைக்கே ராமக்காள் பேத்தி அவள் தாத்தாவின் பல்செட்டைக் கொண்டு வந்துவிட்டாள், அந்த மனுஷன் மத்தியானம் வரை வாயைப் பொத்திக்கொண்டு வீடெல்லாம் தேடியிருக்கிறார். சென்டரில் சமைக்கிற காசியம்மாள், இதெல்லாம் நமக்குத் தேவைங்களா டீச்சர் என்று அப்போதே கேட்டாள். நான்தான் கேட்கவில்லை.

மறுநாள் வீரமணி மகன் இளம்பரிதி டிபன் டப்பாவைத் திறந்தான், உள்ளே மல்பெரித் தழையும் அதன் மேல் கொழுகொழுவென்று பட்டுப்புழுக்களும். பிள்ளைகள் கைக்குக் கை வாங்கிப் பார்த்தார்கள், பேசவே பேசாத பச்சியப்பன் பேரன்கூட ‘ப’ ‘ப’ என்று கத்தினான், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், உனக்கு உடனே போட்டோ அனுப்பினேன் அல்லவா. சாயங்காலம் அவரவர் கொண்டு வந்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன், பல்செட்டு கலாட்டாவுக்குப் பிறகு அதை அழுத்திச் சொல்லி வைத்திருந்தேன். சொன்னதை அப்படியே செய்கிற பிள்ளை அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவன்தான். நேராக அவர்கள் பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுக்குள் போய்ப் புழுவையெல்லாம் மற்ற புழுக்களோடு விட்டுவிட்டான்.

புழு வீட்டுக்குள் போவதென்றால் வாசலில் பிளீச்சிங் பவுடரை மிதித்து, கை கழுவி, அதன் பிறகுதான் போவார்கள் என்று உனக்குத் தெரியும், சொந்தத் தங்கச்சியைக்கூட உள்ளே விடமாட்டார்கள். வெளியே போன புழு திரும்ப உள்ளே போகக் கூடாது, நோயைக் கொண்டு வந்தால் மொத்தமும் பால் பிடித்து, உடம்பு ஊதி வெளுத்துச் செத்துவிடும். வீரமணி விடிந்ததும் வந்துவிட்டான். ஏனுங்க டீச்சர், நானே கை கழுவாம உள்ள போறதில்லைங்க, ஊர்க் கையெல்லாம் பட்ட புழுவ எடுத்த எடத்துலயே வெக்கச் சொல்லியிருக்கீங்க, கூடு கட்டற நேரத்துல என் வூட்டுப் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே என்றான். குரலை உயர்த்தக்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. பிறகு பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மதி. பட்டு போனால் என்னால்தான் போனது என்று ஊர் பேசும், மிச்சப் பிள்ளைகளையும் வேனில் ஏற்றிவிடுவார்கள், சென்டரைப் பூட்ட வேண்டியதுதான். போய்ப் பார்க்கவும் முடியாது, அந்த வாசலுக்கு நான் எப்படிப் போவேன். தழை வெட்டப் போகிற பெண்களை வழியில் நிறுத்தி நிறுத்திப் புழு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் புழு பிழைக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டேன். மதி பிறந்தப்போகூட நீ இவ்வளவு வேண்டியிருக்க மாட்டாய் என்று அப்பா கிண்டல் செய்தார்.

வேண்டுதல் பலித்துவிட்டது. கூடு கெட்டி கெட்டியாக வந்து, தர்மபுரி பட்டுக்கூடு ஏலத்தில் நல்ல விலையும் கிடைத்துவிட்டதாம். வீரமணியே ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தான், அன்னிக்குப் பேசினத மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர் என்றான். நான் பெரிய மனுஷி மாதிரி, அதனால் என்னப்பா, நாளைக்கே பையனை அனுப்பு என்றேன். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, இல்லீங்க, கூடு வித்த காசுல வேன் ஸ்கூலுக்கு ஃபீஸ் கட்டிட்டனுங்க என்றான். எந்தக் கூட்டுக்காக நான் மாவிளக்கு வேண்டிக்கொண்டேனோ அதே கூடு என் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது, இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன். அந்த ஸ்வீட்டை நான் தொடவே இல்லை, அப்பாதான் தின்று தீர்த்தார்.

இன்று காலை வேன் நம் சென்டரைத் தாண்டிப் போனது. டை கட்டிய கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, டீச்சர் இந்த வாரம் என்ன எழுத்து என்று இளம்பரிதி கத்தினான். ‘ம’டா என்று நானும் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிப்போய்க் கத்தினேன், அவன் காதில் விழுந்ததோ என்னவோ.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக, குறையில்லாமல் இருக்க வேண்டும். காதை மூடாமல் குளிரில் வெளியே போகாதே. இனிமேல் எனக்குத் திட்டம் அனுப்பினால் உயிருள்ளது எதுவும் அதில் வரக் கூடாது, மறக்காதே.

கோபம் இன்னும் தீராத உன் அம்மா,
நிர்மலாதேவி