சோலைவரிப் பெட்டிசம்

ஆனி 3, வியாழன்

விடியத் தொடங்கிய கச்சான் காற்று, பொழுது சாயும்வரை நிற்கவில்லை. மாட்டுக் கொட்டிலின் முகட்டுத் தென்னோலைக் கிடுகுகள் பறந்து உதுமாலெவ்வை வளவுக்குள் விழுந்தன. கண்ணெல்லாம் மண். காலையிலிருந்து யாரோடும் நல்ல வார்த்தை பேசவில்லை. காற்றின் மேல் பழி.

செய்யவேண்டியவை: கிடுகு கட்ட ஆள். மூக்குக் கண்ணாடிக் காலுக்கு நூல் சுற்றவேண்டும். பென்சன் எடுக்கப் பட்டினம். மகள் பூரணத்துக்குக் கஷாயச் சரக்கு (தாய்க்காரி பாக்கியம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள்).

மத்தியானம் கந்தப்பர் மச்சான் வந்தார். பாக்கியத்தின் தமையன், கிராமச் சங்கத் தலைவர். கையில் அரசாங்கக் கச்சேரிக் கடிதம். பாலத்துக்கு இக்கரையில் இருக்கும் எங்கள் ஊரைக் கிராமச் சங்கத்திலிருந்து கழற்றிப் பட்டினசபையோடு சேர்க்கப் போகிறார்களாம். ஆட்சேபணை இருந்தால் பெட்டிசம் எழுதலாம், துரை நேரில் வந்து விசாரிப்பார். ஆட்சேபணை இல்லையென்றால் அடுத்த மாதமே சேர்ப்பு.

"சேந்தா சோலைவரி, மச்சான். வீட்டுக்கு வீடு வரி. வண்டிக்கு வரி. நாய்க்கும் வரியாம். மாடு றோட்டில நிண்டாப் புடிச்சிக் கட்டுவானுகள். பெட்டிசத்த நீங்கதான் எழுதவேணும். கோட்டில துவிபாஷகரா இருந்த ஆள் நம்மட ஊரில வேற ஆரு?"

கோட்டில் சாட்சிகளின் தமிழை இங்கிலீசில் சொல்லும் வேலை முடிந்து பென்சன் வந்த பிறகு என்னை இப்படி யாரும் தேடி வந்ததில்லை. சந்தோஷம்தான், ஒளிப்பானேன். காரியதரிசி என்ற பட்டமும் கிடைத்தது. எங்கள் கிழட்டு நாய்க்கு வரி கட்டுவது நினைக்கவே சிரிப்பு. அது குரைத்தே வருஷமாகிறது.

பூரணத்துக்கு ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. கால் கொஞ்சம் வீக்கம். மருமகன் வாவிக்கு அந்தப் பக்கம், வயல்வட்டையில் வெள்ளாமைக் காவல். இடைக்கிடை தோணியில் வந்து போகிறார்.

ஆனி 6, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஊர் ஆண்கள் எல்லாரும். பெண்கள் சிலர் வேலிக்கு அப்பால், தண்ணீர் அள்ளப் போகிற சாட்டில்.

மச்சான்: "பாலத்தால நடந்து போய்ச் சாமான் வாங்கிற நமக்குப் பட்டினம் ஏன் இஞ்ச வரவேணும்?" கைதட்டல்.

சீலைக்கடை உதுமாலெவ்வை காக்கா: "தெருவில லாந்தர் நடுவாங்களாம். நல்லம். வரிக்காரன் வாறத்த வெளிச்சத்திலயே பாக்கலாம்." பெரிய சிரிப்பு. அந்த மனிதன் கடையைவிடக் கூட்டத்தில்தான் நன்றாக விற்பார்.

மிசன் பள்ளிக்கூடத்து இளம் வாத்தியார் ஒருவர்தான் மறுத்துப் பேசினார். தண்ணீர்க் குழாய், கழிவுக் கான், லாந்தர், பட்டினசபை மருத்துவிச்சி, எல்லாம் வருமாம். "வாத்தியாருக்கு வாடகை வீடு, என்னவும் பேசலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிள்ளைப்பேறு பெண்கள் காரியம், அதற்கும் சபைக்கும் என்ன என்று நானும் எழும்பிக் கேட்டேன். கைதட்டினார்கள்.

பெட்டிசத்தை வாசித்தேன். குரல் இன்னும் கெடவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்து, மற்றவர்கள் பெருவிரல். மேசையெல்லாம் மை.

வீட்டில் பாக்கியம் சோறு போட்டபடி, "ஆரக் கேட்டு வெச்ச கையெழுத்து?"

"ஊருக்காக."

"ம்" என்றாள். ஓரா மீன் குழம்பில் உப்புக் கூடிப்போயிருந்தது. அப்படியே சாப்பிட்டு எழும்பினேன்.

ஆனி 9, புதன்

மச்சானோடு வண்டியில் கச்சேரி. பாலத்தில் காற்று சால்வையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது.

கணக்கெழுதும் லிகிதர் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர். பெட்டிசத்தை ஒரு தரம் பார்த்தார், வீட்டுப் பதிவு இடாப்பு ஒன்றை எடுத்தார், மறுபடி பெட்டிசத்தைப் பார்த்தார். "ஐயா, சோலைவரியை ஆட்சேபிக்கிறதெண்டால் வீட்டுச் சொந்தக்காரர்தான் வைக்கவேணும். உதிலை கையெழுத்து வைச்ச ஒருதருக்கும் வீடில்லையே."

"என்ன சொல்றீங்க?" என்று மச்சான் சத்தம் போட்டார். லிகிதர் இடாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். வீட்டுக்கு வீடு பெண் பெயர். பொன்னம்மை. கதீசா உம்மா. வள்ளியம்மை. மச்சான் வீட்டுக்கு நேரே அவருடைய பெண்சாதி. எங்கள் பகுதியில் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் வீட்டையும் வளவையும் அவள் பெயருக்கு எழுதுவதுதான் வழக்கம். மாப்பிள்ளை உடுத்த வேட்டியோடு வந்து குடியேறுவார். தமிழர், சோனகர் எல்லாருக்கும் அப்படித்தான். இது தெரியாத ஆள் ஊரில் இல்லை. இருந்தும் கூட்டம் கூடி, கைதட்டி, கையெழுத்து வைக்கும்போது ஒருவருக்கும் இது நினைவுக்கு வரவில்லை.

என் வீட்டுக்கு நேரே பாக்கியத்தின் பெயரைத் தேடினேன். பூரணம் என்று இருந்தது. போன வருஷம் தையில் அவள் கலியாணத்துக்கு முன் நொத்தாரிசிடம் வீட்டு உறுதிப் பத்திரம் கொண்டுபோனதே நான்தான். அன்றிலிருந்து நானும் பாக்கியமும் அதே வளவின் சின்ன வீட்டில். கோட்டில் எத்தனை காணி வழக்கில் நின்றவன்! வெட்கம்.

திரும்பும்போது, பாதிப் பாலத்தில் மச்சான் முதலில் சிரித்தார், பிறகு நானும்.

கஷாயச் சரக்கு மறந்துபோனேன். பாக்கியம் முகம் திருப்பிக்கொண்டாள்.

ஆனி 10, வியாழன்

புதிய தீர்மானம்: அவரவர் வீட்டில் பெண்சாதியின் கையெழுத்தை வாங்குவது. மச்சானுக்கு அது பொழுது படுவதற்குள் முடிகிற வேலை.

பின்னேரம் கேள்விப்பட்டவை:

மச்சான் வீட்டில்: "அடகு வெச்ச என்ட சங்கிலிய மீட்டுத் தாங்க. மறுகா பாப்பம்."

உதுமாலெவ்வை காக்கா: "அவவுக்கு லாந்தர் வேணுமாம். மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வெளிய வரப் பாம்புப் பயமாம். கூட்டத்தில நான் சொன்ன பகிடி அவவுக்கு எட்டிட்டு. சோறு வெக்கிற சத்தத்திலயே விளங்கிச்சி."

தெருக்கோடி வீட்டில்: "வரிய ஆரு கட்டுற?" "நான்தான்." "அப்ப எனக்கென்ன, வரட்டும்."

சிலர் கேட்கவே இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்கிறார்கள். நானும் கேட்கவில்லை. மகளிடம் இதுவரை எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. சொல்லித்தான் பழக்கம்.

ஆனி 12, சனி

கிடுகு கட்டியாயிற்று. கூலிக்காரன் காற்றையும் என்னையும் சேர்த்து ஏசினான்.

பெரிய வீட்டுக்குப் போனேன். பூரணம் விறாந்தையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழும்பினாள். இருக்கச் சொன்னேன். காகிதத்தை நீட்டினேன்.

"வாசிச்சிப் பாக்கட்டா, அப்பா?"

பெயரைப் போட்டால் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். கடைசி வரிவரை வாசித்தாள். நான் படியில் நின்றேன். கோட்டில் குற்றக் கூட்டில் நிற்கிற எதிரிக்கு இப்படித்தான் இருக்கும்போல.

காகிதத்தை மடித்துத் திருப்பித் தந்தாள். "நான் வெக்கல்ல அப்பா. கோவிக்காதீங்க."

ஏன் என்று கேட்டேன். சுளகை மடிக்கு இழுத்தாள். முருங்கையிலை முழுக்கத் தரையில் கொட்டிப்போயிற்று.

கோபம் வந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னேரம் பசி தாங்காமல் சாப்பிட்டேன்.

ஆனி 13, ஞாயிறு

கிணற்றடியில் பாக்கியம் தானாகவே சொன்னாள். பூரணத்துக்கு இராவில் நித்திரை இல்லை. தங்கத்தின் நினைப்பு.

தங்கம் பக்கத்து வளவுப் பெண், பூரணத்தோடு படித்தவள். மாசியில் பிள்ளைப்பேற்றில் போனாள், பிள்ளையும் போயிற்று. பாடைக்குத் தோள் கொடுத்தவன் நான். ஆனால் அன்று மருத்துவிச்சியைக் கூப்பிடப் போன கதை எனக்குத் தெரியாது. பெண்களோடு நின்றுவிட்டது.

"நம்மட பூரணம்தான் மாப்பிளயோட பாலத்தடிக்குப் போனவ. பட்டினசபை மருத்துவிச்சி பெட்டியத் தூக்கிக்கிட்டு அவங்கட எல்லைக்கல்லு மட்டும் வந்தாவாம். அதத் தாண்டி வந்தா வேல போயிருமாம். நிண்டு அழுதாவாம். இவ வந்து பாக்கக்குள்ள எல்லாம் முடிஞ்சி."

அப்போது பூரணத்துக்கு மூன்றாம் மாதம்.

ஒன்பதாம் மாதத்தோடு பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றேன். பாக்கியத்துக்கு ஆஸ்பத்திரி என்றால் பிரேதம் வருகிற இடம். மகளும் மாட்டேன் என்கிறாளாம். தன் வீட்டிலேயே பெற வேண்டுமாம்.

"அப்ப ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல?"

பாக்கியம் வாளியை இறக்கினாள். "நீங்க பெட்டிசம் எழுதிக்கிட்டிருந்தீங்க."

அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு நூல் சுற்றினேன்.

ஆனி 17, வியாழன்

காற்று கொஞ்சம் அடங்கிற்று. கஷாயச் சரக்கு வாங்கிவந்து பெரிய வீட்டில் கொடுத்தேன். பூரணம் வாங்கிக்கொண்டாள். கால் வீக்கம் எப்படி என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன். தங்கத்தைப் பற்றிக் கேட்கத்தான் போனேன்.

பின்னேரம் மச்சான். சங்கிலியை மீட்டுக் கொடுத்துவிட்டாராம், கையெழுத்து வந்துவிட்டது. வேறு சில வீடுகளிலும் வந்துவிட்டது. மிச்சப் பெண்கள் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"காரியதரிசி வீட்டுக் கையெழுத்து இல்லாமப் பெட்டிசமா? திங்களுக்குத் துரை வாறார். பெத்த மகளுக்கு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா மச்சான்?"

"வீடு அவளுடையது" என்றேன்.

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார். நல்ல மனிதர். வரி வந்தால் வண்டி இரண்டையும் விற்கவேண்டி வரும் என்பது அவருடைய பயம். அதுவும் உண்மைதான். எனக்கும் வரி பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. பென்சனில் கட்டப்போவது யார்?

ஆனி 21, திங்கள்

பள்ளிக்கூடத்தில் விசாரணை. துரை வயதில் சின்னவர், வெயிலில் முகம் தக்காளிப் பழம். அவரோடு வரவேண்டிய துவிபாஷகருக்குக் காய்ச்சல். ஊர் ஒரே வாயாக என்னைக் காட்டியது. மச்சானுக்கு முகம் மலர்ந்தது, நம்முடைய ஆள் அல்லவா. துரையின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பழைய கறுப்புக் கோட்டு கக்கத்தில் பிடித்தது.

இந்த வேலையில் ஒரு சட்டம்தான். சாட்சி சொன்னதைச் சொன்னபடி சொல்லவேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. நான் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

மச்சான் முதலில் எழும்பினார். உமக்கு வீடு உண்டா என்று துரை கேட்டார். "என்ட பெண்சாதிக்கு உண்டு." இங்கிலீசில் சொன்னேன். துரையே சிரித்துவிட்டார். மச்சான் பெண்சாதியின் கையெழுத்தை நீட்டி, வண்டிக்காரர் பிழைப்பைப் பற்றி நன்றாகவே பேசினார். அதையும் குறைக்காமல் சொன்னேன்.

பிறகு உதுமாலெவ்வை காக்கா. "என்ட வீட்டுக்காரி சேரட்டாம் எண்டு சொல்லச் சொன்னா. சொல்லிட்டன் துரை. இனி எனக்கு வீட்ட போகலாம்."

அதன்பிறகு பெண்கள் இருந்த பக்கத்தில் சலசலப்பு. பூரணம் எழும்பி நின்றாள். ஒரு கை பாக்கியத்தின் தோளில். அவள் வருவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் சபையில் எழும்புகிறதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். துரை பேனாவை எடுத்தார். என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேசினாள்.

"வீடும் வளவும் எனக்கு எழுதின. வரிய நான் கட்டுறன். மாடு ரெண்டு கிடக்கு, பால் வித்துக் கட்டுவன்."

சொன்னேன்.

"மாசியில எங்கட பக்கத்து வளவில தங்கம் செத்த. நான்தான் மருத்துவிச்சியக் கூப்பிடப் போன. எல்லைக்கல்லுக்கு இங்கால வர அவவுக்கு ஏலாது எண்ட."

சொன்னேன். தங்கத்தின் தாய் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எனக்கு இது ஏழாம் மாசம். எனக்குப் பயமா இருக்கு."

கொலை வழக்குகளில் தாய்மாரின் சாட்சியத்தைச் சொன்னவன். அப்போதும் ஒரு சொல் கூடியதில்லை. துரை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். திரும்பச் சொல்லும்படி அவர் கேட்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை.

பயமாக இருக்கிறது என்று அவள் ஒரு தரம்தான் சொன்னாள். நான் இரண்டு தரம் சொன்னேன்.