அம்மாவை மூச்சு விடச் சொல்

அன்புள்ள கண்ணுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் வாண்டும் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் இங்கே எப்போதும் எங்கள் நினைப்பு. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நான் நலம். உன் அம்மா நலமாக இல்லை. பதறாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, அதனால்தான் போனை வைத்துவிட்டுக் காகிதத்தைத் தேடினேன். நான் போனில் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும் என்று நீயே கேலி செய்வாய், மெசேஜ் அனுப்பினாலோ என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள்தான் முதலில் படிப்பாள்.

போன வாரம் நீ போனில் கத்தினாயே, பிரசவத்துக்குக்கூட வரமாட்டேன்னா அவங்கல்லாம் என்ன அம்மா, என்மேல அப்படி என்ன கோவம் என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். கோபமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. அவளுக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. எழுதிவிட்டேன். மகளிடம் அப்பன் பேசுகிற பேச்சா இது என்று கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டுத்தான் இந்த நிலைக்கு வந்து நிற்கிறோம். தும்மினால், இருமினால், நாற்காலியிலிருந்து எழுந்தால் கசிகிறது. விமானத்தில் அத்தனை நேரம், நடுவில் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்க, நான் எப்படிங்க போவேன் என்று ஒரே ஒரு முறை கேட்டாள், அதன் பிறகு உன் ஊர்ப் பேச்சையே எடுப்பதில்லை. தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டாள். குடித்தால்தானே வரும் என்று கணக்கு. ஒரு நாள் மாடிப்படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள், கீழ்வீட்டுத் தையல்காரம்மாதான் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடத்துக்கும் போவதில்லை, லீவு போட்டிருக்கிறாள், உன்னிடம் பள்ளிக்கே விடுமுறை என்று சொன்னது பொய். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஏதோ கதை சொல்லி எல்லோரும் சிரித்தபோது இவளும் சிரித்திருக்கிறாள், புடவை நனைந்துவிட்டது. பிள்ளைகள் பார்ப்பதற்குள் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தன் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டு, ஐயோ பாட்டில் கொட்டிடுச்சு என்று சொன்னாளாம். பிள்ளைகள் ஓடிப்போய்த் துடைக்கத் துணி கொண்டுவந்து கொடுத்தார்களாம். வாஷிங் மெஷினில் அந்தப் புடவையைப் போட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் இதைச் சொன்னாள்.

கர்ப்பத்துக்கு நீ செய்வதை அம்மாவும் செய்யட்டும் என்று ஆசையாக அனுப்பினாயே, பெண்களுக்கான யோகா வீடியோ, இடுப்புக்கு அடியில் தொட்டில் மாதிரி தாங்குகிற தசையைப் பலப்படுத்துவது எப்படி என்று, அதை அவள் விடாமல் செய்தாள். உன்மேல் தப்பில்லை, அந்த வீடியோ அம்மாள்மேலும் தப்பில்லை. உள்ளே இழுத்துப் பிடியுங்கள், பிறகு விடுங்கள் என்றுதான் அவர் சொல்கிறார். இவள் பிடிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் நிற்கும்போது, கரும்பலகையில் எழுதும்போது, இஸ்திரி போடும்போது, காலையிலிருந்து படுக்கிற வரைக்கும் பிடித்த பிடி. நானும் என் தொழில் புத்தியை விடுவேனா, ஒழுகினால் இறுக்கத்தானே வேண்டும், இன்னும் கொஞ்சம் இறுக்கு என்று உற்சாகப்படுத்தினேன். ஊரில் எத்தனை குழாயை ரிப்பேர் பார்த்திருக்கிறேன், அளவுக்கு மீறி முறுக்கினால் வாஷர் நசுங்கி முன்னைவிட அதிகமாக ஒழுகும் என்று என்னிடம் வேலை பழக வருகிறவனுக்கெல்லாம் சொல்கிற ஆள் நான், வீட்டில் தோன்றவில்லை பார்.

கடைசியில் இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது. பூங்கா பக்கத்துக் கூடத்தில் யோகா சொல்லித்தரும் அம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் கேட்டதுமே, முதல்ல டாக்டரைப் பாருங்க, அப்புறம் என்கிட்ட வாங்க என்று அனுப்பிவிட்டார். பெண் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் தளர்ந்துபோய்த்தான் ஒழுகணும்னு இல்லம்மா, உங்களுக்கு முஷ்டி மாதிரி இறுகிக் கிடக்கு, விடத் தெரியாத தசைக்குத் தேவைப்படறப்போ மூடவும் தெரியாது, முதல்ல தளர்த்தப் பழகுங்க என்றார். யோகா அம்மாவும் அதற்கேற்ற மாதிரி மாற்றிக் கொடுத்தார். மல்லாந்து படுத்து, கால்களை நாற்காலிமேல் போட்டு, வயிறு வரைக்கும் மூச்சை இழுத்து, அடியில் இருக்கிற பிடியை மெல்ல மெல்ல விட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், குணமாகும் வாய்ப்பு நிறைய இருக்கிறது, ஆனால் சத்தியம் செய்ய முடியாது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா பாயைச் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். விட்டா எல்லாம் கொட்டிடுமேங்க, இத்தனை நாள் பிடிச்சதுதான் என் மானத்தைக் காப்பாத்திச்சு, இதையும் விடச் சொல்றாங்களே என்று அழுதாள்.

தனியாகச் செய்யத்தான் பயமோ என்று மறுநாள் நானே பாயை விரித்து, இந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு நாற்காலிமேல் காலைப் போட்டுப் படுத்தேன். நாற்காலி வழுக்கிக்கொண்டு போய்க் கதவில் இடித்தது, நான் கவிழ்ந்த கரப்பான்பூச்சி மாதிரி கிடந்தேன். பார்த்தாள், சிரித்துவிட்டாள். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு. அடுத்த நொடியே முகம் செத்துப்போய், குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து நான் இந்த வீட்டில் ஜோக் அடிப்பதில்லை. அவளைச் சிரிக்க வைக்கவே பயமாக இருக்கிறது. என்னைத் தெரியுமல்லவா உனக்கு, வாயை மூடிக்கொண்டு எத்தனை நாள்தான் இருப்பேன்?

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். அவளுக்கு வீடியோ அனுப்பாதே, தைரியம் சொல்லாதே, எல்லாம் சரியாகிவிடும் என்று நீயும் சொல்லிவிடாதே, நான் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. நீ அவளிடம் உதவி கேள். பிரசவத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது, இங்கே மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிறார்கள், தனியாகச் செய்ய முடியவில்லை, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீயும் என்கூடப் படுத்துக்கோம்மா என்று கேள். தனக்கென்றால் செய்யமாட்டாள், உனக்கென்றால் பாயை எடுப்பாள். பொய் சொல்லச் சொல்கிறேன் என்று நினைக்காதே, உனக்கும் பயம் இருக்கத்தான் செய்யும், அம்மா வரவில்லை என்ற கோபத்தில் அதை நீ வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே. அம்மாவுக்கு நீ எடுத்து வைத்திருக்கும் விமான டிக்கெட்டையும் ரத்து செய்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு, தண்ணீரைக் குறைக்காதே, கனமானதை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதே. உனக்கும் இந்த மாதிரி ஏதாவது இருந்தால் உன் அம்மா மாதிரி மறைக்காமல் அங்கே டாக்டரிடம் சொல்லிவிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. நல்லபடியாகப் பெற்று, நெடுநாள் நிறைவாக வாழ வேண்டும்.

உன்
அப்பா

எப்போதும் அம்மாவின் ஆசிகளும் என்று அவளைக் கேட்காமலே நான் கடைசியில் எழுதிவிடுவேன். இந்த முறை எழுதவில்லை. அதை அவள் வாயாலேயே நீ வாங்கிக்கொள்.