முழுதாக ஒட்டாத நான்கு கால்கள்

இவ்வளவு நாள் உன்னிடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று ஜும்ஆ முடிந்து வரும்போது உன் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில் நின்றேன். உன் பெயர் எழுதிய தண்ணீர்த் தாங்கியைச் சுமக்கும் இரும்புச் சட்டத்தில், கால் ஒன்று மேற்சட்டத்தோடு சேரும் மூலையில் வெள்ளிப் பெயின்ட் மெல்லிய கோடாக வெடித்திருக்கிறது. அதிலிருந்து பழுப்பு நீர் வடிந்து காய்ந்திருக்கிறது. விரலால் தொட்டு முகர்ந்தேன். உன் கராஜின் வாசனை.

காரை முற்றத்து வெயிலில் விட்டுவிட்டு, அதற்கென்று கட்டிய இடத்தில் வெல்டிங் மெஷினைக் குடிவைத்தவன் நீ. நீ மருந்துக்கடைக்காரன், நான் கணிதம் படிப்பிப்பவன். இரும்புக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் பொழுதுபட்டு மஃரிப் வரை அதுதான் நமக்கு உலகம். முதலில் செய்த செருப்புத் தட்டு மூன்று காலில்தான் நின்றது. உன் மனைவி எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் படிச்ச ஆக்கள் எண்டு வெளியில சொல்லிராதீங்க" என்றார். நீ சிரித்த சிரிப்பில் வெல்டிங் முகமூடி கழன்று விழுந்தது.

இந்தச் சட்டத்தை உன் வீட்டுப் பின்புறத் தாங்கிக்காகத்தான் தொடங்கினாய். இரும்புகளை வெட்டி நிறுத்தி, ஒவ்வொரு மூலையிலும் ஒரு பொட்டளவுக்கு மட்டும் ஒட்டினாய். ஒரேயடியாக முழுவதும் ஒட்டினால் சூட்டில் சட்டம் கோணிவிடும். பொட்டு வைத்து, மூலைமட்டம் பார்த்து, பிறகுதான் சுற்றிவர ஒட்ட வேண்டும். நான் அதில் கையூன்றப் போனபோது தடுத்தாய்.

"தொடாத மச்சான். பொண்ணு பேசித்தான் வெச்சிரிக்கி. கலியாணக் காவின் இன்னும் எழுதல்ல."

"எப்ப எழுதுவாய்?"

"நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்."

மறுநாள் விடிய சுபஹோடு உன் மௌத்துச் செய்தி வந்தது. நெஞ்சுவலி என்றார்கள்.

உன் காக்கா உனக்கு அண்ணனாக இருந்ததைவிட எசமானாக இருந்ததுதான் அதிகம். அவர் அந்தச் சட்டத்தைத் தூக்கிப்போய், மூலைகளில் பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்து, ஒழுங்கை முகப்பில் நிறுத்தினார். மேலே ஆயிரம் லீட்டர் தாங்கி, கீழே குழாய். மௌத்தானவன் தன் கையால் செய்தது ஊருக்குத் தண்ணீர் கொடுத்தால், நன்மை அவன் கப்றுக்குப் போய்ச் சேரும் என்பது அவருடைய நிய்யத். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பட்டியும் பெயின்டும் இரும்பைத் தாங்காது.

உனக்குக் கத்தம் ஓதிய அன்று போய்ச் சொன்னேன். "காக்கா, அது முழுசா ஒட்டல்ல. பொட்டு மட்டும்தான் வெச்சிருந்தவன்."

சோற்றுச் சகனைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்து அவர் சிரித்தார். "சேருக்கு ஜனாஸாத் தொழுகையில முன் சஃப்ல இடம் கிடைக்கல்ல. அந்தக் கோவம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மௌத்தானவன்ட நன்மையிலயும் பொறாமையா, சேர்?"

எல்லாரும் சிரித்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவில் நான் அவருக்கு எதிராக நின்றது ஊருக்கே தெரியும். கோபம் இருக்கிறது, மறுக்கவில்லை. எனக்குக் கோபம் இருப்பதால் அந்த மூலைகள் ஒட்டிவிடுமா?

உன்மீதும் கோபம்தான். உன் வீட்டிலேயே அவர் என்னை இளக்காரமாகப் பேசிய போதெல்லாம் நீ இரும்பு தேய்க்கும் கிரைண்டரைத் துடைத்துக்கொண்டு நின்றாய். அவர் போன பிறகு, "காக்கா அப்பிடித்தான் மச்சான், விடு" என்பாய். விட்டேன். அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்று ஊரைப் பழக்கியதில் உன் பங்கும் உண்டு.

போன கிழமை நானே ஒரு வெல்டிங்காரரை அங்கே கூட்டிப்போனேன். தாங்கியில் உன் பெயரைக் கண்டதும் அவர் பின்வாங்கிவிட்டார். "காக்கா சொல்லாம இதுல கை வைக்கேலா சேர். நான் இந்த ஊருலதான் சீவிக்கணும்."

பின்னேரம் மதரஸா விட்டதும் பிள்ளைகள் அதன் கீழே கூடுகிறார்கள். குழாய்க்கு எட்டாத சின்னதுகள் குறுக்குச் சட்டத்தில் ஏறி நின்று குடிக்கிறார்கள். வாடைக்காற்று தொடங்கிவிட்டது. கடல் பக்கமிருந்து அடிக்கும்போது அந்தத் தாங்கி முனகுகிறது. பிள்ளைகளின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்பதில்லை. எனக்குக் கேட்கிறது.

பஸ்ஸின் கைபிடி, வகுப்பறைக் கதிரை, அயலவர் தன் பேரப்பிள்ளைகளுக்குப் போட்ட ஊஞ்சல், எதைக் கண்டாலும் முதலில் அது ஒட்டிய இடத்தைத்தான் பார்க்கிறேன். உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தச் சந்தேகம்தான். அதை இறக்கி வைக்க இடமில்லை.

எழுதத் தொடங்கியபோது இதை எங்கும் அனுப்பும் எண்ணம் இருக்கவில்லை. ஆனால் உன் பெயருக்கு வரும் கடிதங்களை இப்போது காக்காதான் பிரிக்கிறார். இரண்டு வரி படித்ததும் எழுதியது நான் என்று கண்டுகொள்வார். அது பரவாயில்லை. அடியில் என் பெயர் இருந்தால், அந்த மூலைகளை ஒட்டுவதற்கு அவர் எனக்குத் தோற்க வேண்டும். தோற்க மாட்டார். பெயர் இல்லாவிட்டால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, வெடிப்பைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லி வெல்டிங்காரரைக் கூப்பிடலாம். ஊர் அவரைத்தான் மெச்சும். மெச்சட்டும்.

கையெழுத்து வைக்காமலே உன் பெயருக்குத் தபாலில் போடுகிறேன்.