ஒன்றரை அங்குலம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், மனம் வரவில்லை. முதலில் சட்டையைக் கழற்று. உள்ளே போட்டிருக்கிறாயே, நான் தைத்து அனுப்பிய பனியன், அதையும் கழற்று. பிறகு உட்கார்ந்து மீதியைப் படி.

காலையிலிருந்து அம்மா நான்கு முறை போன் செய்துவிட்டாள், செய்தியும் அனுப்பிவிட்டாள். நான்தான் பேசுவேன் என்று நினைத்து நீ எடுக்கவுமில்லை, செய்தியைப் பார்க்கவுமில்லை. உன் மேல் தப்பில்லை. மார்பைக் குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன் என்று நீ சொன்னபோது, "ஆம்பளைக்கு எதுக்குடா இந்த வேலை" என்று கேட்டவன் நான். எதிர்க்கடை லாரிக்காரர் அரை மணியில் நீ இருக்கும் ஊருக்குக் கிளம்புகிறார். நாளைக் காலை உன் அறைக் கதவைத் தட்டி, உன் கையிலேயே இதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

விஷயம் இதுதான். தோல் தொளதொளவென்று இருக்கிறது, காம்பைச் சுற்றி மரத்துக் கிடக்கிறது, அடியில் கெட்டியாகத் தட்டுப்படுகிறது என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாய். மாற்றிப் போட இன்னொரு பனியன் வேண்டும் என்று, ஆபரேஷன் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட இறுக்கப் பனியனின் அளவையும் குறித்திருந்தாய். நான் அந்த அளவில் தைக்கவில்லை. துணி தொய்ந்தால் பக்கத்தில் பிடித்துத் தைப்பதுதானே நம் தொழில். இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே பிடித்தேன். இறுக்கினால் தோல் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றியது. அவசரக்குடுக்கை என்று அம்மா என்னைத் திட்டுவது உனக்குத் தெரியும். முப்பது வருஷமாக டேப் பிடிக்கிறவன், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று காலை சீருடையைப் பிடிக்கக் கொடுக்க வந்த நர்ஸம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "தோல் என்ன துணியாங்க? அது தானா சுருங்கும், மாசக்கணக்காகும், சிலருக்கு வருஷம்கூட ஆகும். ரொம்ப இறுக்கினா ரத்தம் ஓடாது, தோல் செத்துப்போகும். மரத்துப்போன இடம் வேற, கெட்டுப்போறதுகூட உங்க பையனுக்குத் தெரியாது" என்றார். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். உடனே உனக்குப் போன் போடச் சொல்லி அம்மாவிடம் ஓடினேன்.

நான்கு நாளாக அதைப் போட்டிருக்கிறாய். "கொஞ்சம் இறுக்கம், பரவாயில்ல" என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாய்.

கண்ணாடி முன்னால் நின்று பார். மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றியிருந்தால் அது வழக்கமாம், மெல்ல மறையுமாம். கெட்டியாக இருப்பதும் நாளாக ஆக இளகுமாம். ஆனால் தோல் கறுத்திருந்தாலோ, கொப்புளம் கண்டிருந்தாலோ, நீர் வடிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தாலோ வேலைக்குப் போகாதே. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அப்போதே போ. காய்ச்சல் அடித்தாலும் அப்படித்தான். ஒன்றும் இல்லாவிட்டாலும் இதைப் படித்த அன்றைக்கே அவரிடம் ஒருமுறை காட்டிவிடு. லாரிக்காரர் கூட வருவார். அவரிடம் வெட்கப்படாதே, நான் எல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

எட்டாம் வகுப்பிலிருந்து உனக்கு இரண்டு அளவு பெரிதாகவே சட்டை தைத்தேன். வளருகிற பிள்ளை என்று கடையில் சொல்வேன். எதை மறைக்கத் தைக்கிறேன் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ தோளைக் குறுக்கி நடந்தால், "நேரா நில்லுடா" என்று நாலு பேர் முன்னால் அதட்டுவேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கழற்றியதும் அவளுக்கு ஒரு வார்த்தை சொல். என்னிடம் பேச வேண்டாம்.

நான் தைத்துக் கொடுத்ததையெல்லாம், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பேசாமல் போட்டுக்கொண்ட பிள்ளை நீ. இந்த ஒன்றை மட்டும் கழற்றிவிடு, சாமி.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் வேண்டாத,
அப்பா