எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்வி

போத்தனூர்,
10.11.2024, ஞாயிறு.

அன்பு மகன் ஸ்டீவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே அப்பா, அக்கா, நான் மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று இன்று காலைத் திருப்பலியில் கேட்டுக்கொண்டேன். உன்மேல் இத்தனை கோபம் இருந்தும் அதைக் கேட்காமல் எழுந்து வர முடியவில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நடுவில் நீ பேசுவாய், நான் இளகிப் போய்விடுவேன். எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அப்பாவின் வலது கை தேறி வருகிறது. ரசாக் தம்பி வாரம் மூன்று நாள் வந்து பயிற்சி கொடுக்கிறார், இப்போது அப்பா காபி டம்ளரைத் தானே பிடிக்கிறார். எதிர்வீட்டுப் பங்காரம்மா வாசல் வரைக்கும் குச்சியில்லாமல் நடந்து போய், அவர்கள் கொடுத்த அதிரசத்தை எனக்குத் தெரியாமல் தின்றுவிட்டு வந்தார். சர்க்கரை ஏறியதில்தான் எனக்குத் தெரிந்தது. ஸ்டீவு கிறிஸ்மஸுக்கு வாரானா என்று தினமும் கேட்கிறார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டாம் என்று நானும் அக்கா ஷைலாவும் பேசி வைத்திருக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், கணக்கில் படியைத் தாண்டி விடை எழுதினால் எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது ஷைலா தன் வேலையை விட்டுவிட்டு வந்தாள். மூன்று வருடம் அவரைத் தூக்கி உட்கார வைத்ததும் குளிப்பாட்டியதும் அவள்தான். உன்னால் வர முடியவில்லை, அதை நான் குறையாகச் சொன்னதில்லை. இந்த வருடம் சரவணம்பட்டிக் கம்பெனி ஒன்றில் அவளை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். மூன்று வருடம் இடைவெளி விழுந்துவிட்டதால் கிளவுட் கம்ப்யூட்டர் சான்றிதழ் ஒன்றைத் தேர்வெழுதி வாங்கி வரச் சொன்னார்கள். நீ அதே சான்றிதழ் வைத்திருப்பவன். கேள்விகள் இருக்குதுக்கா, அனுப்பிப்போடறேன் என்றாய், முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்வியும் விடையும் அனுப்பினாய். இது ஏதுடா என்று அவள் உன்னிடம் கேட்டதற்கு, தேர்வு நடத்துகிறவர்களே வெளியிட்ட பழைய கேள்விகள் என்று சொன்னாய். அந்த வார்த்தையை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

எனக்கு அந்தப் பாடத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் பையனைப் படிக்க வைப்பது எப்படி என்று தெரியும். கேள்வியை எழுது, விடையை எழுது, மூடிவைத்துச் சொல் என்று இரண்டு நீள நோட்டு போட்டுக் கொடுத்தேன். அப்பா தூங்கும் மத்தியான நேரத்தில் நான் தாளைப் பிடித்துக்கொண்டு கேட்பேன், அவள் துணி மடித்துக்கொண்டே சொல்வாள். நடுவில் ஏழு இடத்தில் நிறுத்தி, "இந்த விடை தப்பாட்ட இருக்குதுங்கம்மா" என்றாள். ஸ்டீவ், இந்த இடத்தைக் கவனித்துப் படி. விடைத்தாள் திருத்தும் முகாமில் விடைக்குறிப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம். சந்தேகம் வந்தால் முதன்மைத் தேர்வாளரிடம் சொல்லலாம், நம் இஷ்டத்துக்குப் பேனாவைத் திருப்ப முடியாது. முப்பத்து நான்கு வருடப் பழக்கம். "குறிப்புல இருக்கறதையே படி கண்ணு, ஸ்டீவு தப்பா அனுப்புவானா" என்றேன். தனக்குச் சரியென்று தெரிந்ததை விட்டுவிட்டு அவள் அந்த ஏழு தவறையும் மனப்பாடம் செய்தாள். செய்ய வைத்தது நான்.

தேர்வு முடிந்து அவிநாசி ரோட்டு மையத்திலிருந்து வந்தவள், அறுபதில் பாதிக்கு மேல் நோட்டில் இருந்ததே வார்த்தை மாறாமல் வந்தது என்றாள். அவள் முகம் சரியாக இல்லை. நான் அதைப் பார்க்கவில்லையே. முக்கிய வினா என்று குறித்துக் கொடுத்தது வந்தால் ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்த கூட்டம் நாங்கள். அந்தப் புத்திதான் எனக்கு வேலை செய்தது. ஆயிரத்துக்கு எண்ணூற்றுத் தொண்ணூறு வந்ததும் பங்காரம்மா வீட்டுக்கு ஜிலேபி கொடுத்தேன், கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன்.

பத்தாம் நாள் முடிவு செல்லாது என்று மெயில் வந்தது. விடைகளின் போக்கு இயல்பாக இல்லையாம், ஒரு வருடம் அவள் எழுதக் கூடாதாம். எந்தக் கேள்வி, எந்த விடை என்று ஒரு வரி இல்லை. அன்று சாயங்காலம் உன்னைத்தான் கூப்பிட்டேன். அறுபதில் சில கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, சோதித்துப் பார்ப்பதற்காகக் கலந்து வைப்பார்கள், எது என்று சொல்ல மாட்டார்கள், எண்ணூற்றுத் தொண்ணூறு என்பதும் மதிப்பெண் இல்லை, கடினத்தைப் பார்த்து மாற்றிப் போடும் ஓர் எண் என்றெல்லாம் சொன்னாய். பத்தாம் வகுப்புப் பையனுக்கே விடைத்தாள் நகல் உண்டு, மறுகூட்டல் உண்டு, தப்பான கேள்விக்கு எல்லாருக்கும் மதிப்பெண் உண்டு, இவர்களுக்கு என்ன வந்தது என்று நான் கொதித்தேன். நீயும் என்னோடு சேர்ந்து அநியாயம்மா, விடாதீங்க என்றாய். காரணம் தெரிந்துகொண்டே சொன்னாய்.

நானும் விடவில்லை. அம்மா என்ற முறையில் என் பெயரில் புகார் எழுதினேன். உழைத்துப் படித்த பெண் என்பதற்கு ஆசிரியை எதைக் காட்டுவாள்? இரண்டு நோட்டையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பக்க எண் போட்டு, இதைவிட என்ன சான்று வேண்டும் என்று இணைத்து அனுப்பினேன். போன திங்கட்கிழமை பதில் வந்தது. ஷைலாதான் படித்து அர்த்தம் சொன்னாள். அந்த நோட்டில் இருப்பதில் நாற்பத்தொரு கேள்விகள் இப்போதும் தேர்வில் நடப்பில் உள்ளவை, யாரோ திருடி வெளியே விட்டவை. ஷைலா தவறாக எழுதிய ஏழும் அந்தத் திருட்டுக் குறிப்பில் உள்ள அதே ஏழு தவறு. சரியான விடை நூறு பேருக்கு ஒத்துப்போகும், தவறு அப்படி ஒத்துப்போகாது என்று புதிதாக வரும் டீச்சர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் ஸ்டீவ்.

அன்று உன்னைக் கேட்டபோது நீ மறுக்கக்கூட இல்லை. "எல்லாரும் இப்படித்தாம்மா எழுதறாங்க, நானும் அப்படித்தான் வாங்கினேன், எம்பேரை மட்டும் எங்கயும் சொல்லிப்போடாதீங்க" என்றாய். தேர்வு நடத்துகிறவர்கள் முறையில் எனக்கு இன்னும் குறை உண்டு, காரணத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை நாள் அவர்களைச் சபித்திருக்க மாட்டேன். ஆனால் அவர்கள் முன்பின் தெரியாதவர்கள். நீ யார்? தாராபுரம் முகாமில் ஒரு முறை பதினோரு விடைத்தாளில் ஒரே பிழை ஒரே வரியில் இருந்ததைப் பிடித்துக் கொடுத்தேன். பதினோரு பிள்ளைகளுக்கும் அந்த வருடம் போயிற்று. ஜன்னல் வழியாகத் துண்டுச்சீட்டு போட்டவன் யாரென்று பிள்ளைகள் வாய் திறக்கவில்லை, அவன் பாட்டுக்கு ஊரில் நடமாடினான். அதைப் பல நாள் பொறுக்க முடியாமல் இருந்தேன்.

பதிலில் அவர்கள் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் எங்கிருந்து கிடைத்தன என்று பதினெட்டாம் தேதிக்குள் உண்மையைச் சொன்னால், தெரியாமல் படித்தவள் என்று எடுத்துக்கொண்டு, டிசம்பரிலேயே வேறு கேள்வித்தாளில் மறுபடி எழுத விடுவார்களாம். கம்பெனியில் ஹரிதா என்ற பெண்ணிடம் ஷைலா பேசினாள், வருடக் கடைசி வரை இடத்தை வைத்திருக்க முடியும், அதற்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டார். ஷைலா படிவத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டு அந்த ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "அவன் வேலைக்கு நான் வேட்டு வெக்கோணுமாங்கம்மா, நான் அடுத்த வருசம் எழுதிக்கறேன்" என்றாள். அடுத்த வருடம் அவளுக்கு யார் வேலை வைத்திருப்பார்கள்? அவள் அப்பாவுக்காக மூன்று வருடம் கொடுத்தாள். உனக்காக நான்காவதைக் கொடுக்கப் பார்க்கிறாள், நீ அதை வாங்கிக்கொள்ளப் பார்க்கிறாய்.

புகார் என் பெயரில் போனதால் பதில் எழுதும் உரிமை எனக்கும் உண்டு. எழுதிவிட்டேன். விடையைச் சந்தேகப்பட்டவளை நம்பவைத்தது நான்தான் என்பது முதல் பத்தி. அனுப்பியது என் மகன் ஸ்டீவ், டப்ளினில் இருக்கிறான், அவனும் அதே கேள்விகளைப் படித்துத்தான் தேறினான் என்பது இரண்டாவது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். பதினேழாம் தேதி சாயங்காலம் வரை அனுப்ப மாட்டேன். அதற்குள் நீயே அவர்களுக்கு எழுதிவிட்டு எனக்கு ஒரு வரி சொல், என் தாளைக் கிழித்துவிடுகிறேன். சொல்லாவிட்டால் பதினெட்டாம் தேதி காலை அது போகும். ஷைலாவிடம் இதைச் சொல்லி அவளை என் காலைப் பிடிக்க வைக்காதே, அவளுக்காகவும் மாற மாட்டேன்.

வேலை போனால் வீட்டுக்கு வா. உன் கட்டில் அப்படியே இருக்கிறது, உனக்குச் சோறு போட எனக்கு வலு இருக்கிறது. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, காலைச் சாப்பாட்டை விடாதே. ஆண்டவர் உனக்கு நல்ல மனதையும் அதைச் செய்யும் தைரியத்தையும் சேர்த்தே தரட்டும், மாதா உனக்குத் துணையிருக்கட்டும். பதினேழாம் தேதி சாயங்காலம் என்றது நம் ஊர்ச் சாயங்காலம், உன் ஊர் நேரத்தைச் சொல்லித் தப்பிக்காதே.

உன்னைப் பெற்றவள், ஷைலாவையும் பெற்றவள்,
அமலி ஞானமுத்து.