பின்பக்க கேட்டில் கொட்டிய சில்லு

7.7, திங்கள்
காலையிலேயே வெயில். எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு இயற்கை உரிமைகள் பாடம். உயிர், சுதந்திரம், உடைமை. “யாரும் கொடுத்து வருவதில்லை, பிறக்கும்போதே உண்டு” என்றேன். கௌசல்யா எழுந்தாள்.
“அப்ப நம்ம ஸ்கூல் பின்பக்க கேட்டுல பீங்கான் சில்லைக் கொட்டுறாங்களே டீச்சர்? நாங்க நடக்க வேணாமா?”
குதிகாலைத் தூக்கிக் காட்டினாள். நாலு தையல். மணி அடித்தது, தப்பித்தேன்.

8.7, செவ்வாய்
நகராட்சி ஆணையருக்கு மனு. பிள்ளைகளே எழுதினார்கள். ‘ஆணையர்’ என்பதை மூன்று விதமான பிழையோடு. வகுப்பு முழுக்கக் கையெழுத்து. நான் போடவில்லை. குடை ரிப்பேர், மறக்கக் கூடாது.

9.7, புதன்
எச்.எம். கூப்பிட்டார். சில்லு கொட்டும் பீங்கான் பொம்மைக் கம்பெனியிலிருந்து போன் வந்ததாம்; பிள்ளைகள் வாய்வழியாக மனு விஷயம் அங்கே எட்டிவிட்டது.
“பாடத்த மட்டும் நடத்துங்கம்மா. நீங்க டெம்ப்ரவரி. ரெனியூவல் லிஸ்ட்டு நான்தான் அனுப்பணும். மனுவைக் கிழிச்சுப் போடுங்க.”
“சரி சார்.” ஏன் சொன்னேன்?
சாயங்காலம் கௌசல்யாவின் அம்மா. அதே கம்பெனியில் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறவர். முழங்கை வரை நீலம்.
“ஓனரு கேட்டாருங்க டீச்சர். எம் பொண்ணு பேர மட்டும் எடுத்துடுங்க. அந்த வேலையிலதான் வூடு ஓடுது.”
எடுப்பதாகச் சொன்னேன்.

10.7, வியாழன்
கௌசல்யாவைத் தனியாக அழைத்து, பெயரை எடுக்கப்போவதாகச் சொன்னேன். அவள் அழவில்லை. “எங் கால்லதானே டீச்சர் குத்துச்சு?” அவ்வளவுதான். போய்விட்டாள்.
மனுவை இரண்டு தடவை கிழிக்க எடுத்தேன். பிறகு வொயிட்னரால் அவள் பெயரை மூடினேன். காயும்வரை ஊதினேன். அதன் மேலேயே என் பெயர், பதவி, கையெழுத்து. கோணலாக விழுந்தது.

11.7, வெள்ளி
மதிய இடைவேளையில் நகராட்சி. கிளார்க் படித்துவிட்டு நிமிர்ந்தார்.
“டீச்சரா? தெரிஞ்சுதான் குடுக்குறீங்களா?”
“தெரிஞ்சுதான்.”
சீல் அடித்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்தேன்.

14.7, திங்கள்
மேகமூட்டம். பத்தரைக்கு நகராட்சி டிராக்டர் வந்து சில்லை அள்ளியது. பிள்ளைகள் ஜன்னலில் முட்டி மோதினார்கள். அதட்டவில்லை. கௌசல்யா மட்டும் இடத்தைவிட்டு எழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அம்மாவுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்குது டீச்சர்.”
மூன்று மணிக்கு எச்.எம். அறை. ரெனியூவல் லிஸ்ட் போய்விட்டது. என் பெயர் இல்லை. மாதக் கடைசிவரை வரலாமாம்.
உள்ளாட்சிப் பாடம் பாக்கி. நாளைக்கு முதல் பீரியடிலேயே தொடங்க வேண்டும்.